கண்டம் எழுதிய சார்

அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது. ஆராதனைக்குப் போய்விட்டு வந்த கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அப்படியும் வரவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் தமிழர், பஞ்சாபி, பெங்காலி எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். மத்திய சர்க்காரில் ஏதோ ஒரு டிபார்ட்மெண்டில் டெக்னிகல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். டெக்னிகல் என்றால் என்ன செய்தீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். "கமிட்டியில இருந்தேன் சிஸ்டர்" என்றார். என்ன கமிட்டி? பழைய நாற்காலி, ஏர்கூலர், டைப்ரைட்டர், ஜீப்பு இவையெல்லாம் இனி உதவாது என்று எழுதித் தள்ளுகிற கமிட்டி. சர்க்கார் ஆபீசில் அதைக் கண்டம் பண்ணுவது என்பார்கள். முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த மனுஷன் அதைத்தான் பண்ணியிருக்கிறார்.

"என் சர்வீஸ்ல ஒரு பொருளைக்கூட நான் ரிப்பேருக்கு அனுப்பினது கிடையாது" என்று பெருமையடித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கும். "ரிப்பேர் பண்ணினா நாளைக்கு அது மறுபடியும் கெட்டுப்போகும். யார் பண்ணச் சொன்னதுன்னு ஆடிட்ல கேள்வி வரும். கண்டம் பண்ணிட்டா கேள்வியே வராது சிஸ்டர். முடிஞ்ச ஃபைல்."

நான் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வார்டில் இந்தச் சட்டத்தை நடத்தினால் ஒரு கட்டிலில்கூட ஆள் மிஞ்சாது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கண்டம் பண்ண ஆபீஸ் இல்லை, சொசைட்டிதான் இருந்தது. சட்டைப் பையில் டெஸ்டர் ஒன்று எப்போதும் பேனா மாதிரி குத்தி வைத்திருப்பார். அதை அவர் எதிலும் வைத்து நான் பார்த்ததில்லை. எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தலையை ஆட்டுவார். "கருகின வாசனை வருது." பிறகு ஒரு வார்த்தை: "பேகார்." உதவாது என்பதற்கு இந்தியில் அவருக்குப் பிடித்த சொல் அது. அதன் பின் சிவப்பு மையில் 'கண்டம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்ட சீட்டை செலோ டேப்பால் அந்தச் சாமானின் நெற்றியில் ஒட்டிவிடுவார். கழுத்தில் தொங்கும் பையில் ஒரு ரெஜிஸ்டரும் இருக்கும்.

ஒருதடவை எங்கள் பிளாக்கின் லிஃப்டுக்கே சீட்டு ஒட்டினார். கதவு மூடவில்லை. சார் உள்ளே போய் முகர்ந்து பார்த்தார். மோட்டார் போய்விட்டது, முழு லிஃப்டையும் மாற்றியாக வேண்டும் என்று நோட்டீஸ் எழுதினார். ஒன்பது நாள் எல்லாரும் படியேறினோம். பத்தாம் நாள் வந்த மெக்கானிக் குனிந்து கதவுத் தண்டவாளத்திலிருந்து ஒரு ரப்பர்ச் செருப்பின் வாரை உருவி எடுத்தான். கதவு சாத்திக்கொண்டது. "இது டெம்பரரி" என்றார் சார். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே! மூஞ்சியில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த லிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாத பெண்மணி. ஒருநாள் காய்கறிப் பையோடு மார்க்கெட்டில் பார்த்தேன். கீரைக்கட்டுக்குக் கீழே மிக்ஸியின் ஒயர் எட்டிப் பார்த்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோறேன். இவர் கண்ணுல பட்டா சீட்டு ஒட்டிடுவார்" என்று சிரிக்காமல் சொன்னார். அவர்கள் வீட்டில் இஸ்திரிப்பெட்டி, டார்ச், சுவர்க்கடிகாரம் எல்லாம் இப்படிக் கீரைக்கு அடியில் போய் உயிர் பிழைத்து வந்தவைதான்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஏர்போர்ட்டில் பெட்டி படுக்கை ஓடுகிற பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் அடித்தது. வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போனது. காதில் விழுவது எல்லாம் புரியும். புத்தி தெளிவாக இருந்தது. சொல் மட்டும் வராது, எழுதவும் வராது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: 'சரி'. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. கோபம் வந்தால் அதே சரியைக் கத்துவார். இப்படி ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு, வார்டில் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டில் கேட்பது வேறு.

அவருக்கு என்று உலகத்தில் ஒரு பொருள் இருந்தது. ஓய்வு பெறும்போது பொழுதுபோக்குக்கு வாங்கிய ஒரு நீல நிற மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதி ஒயர் வழியாக அனுப்பினால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொன்னபடி விளக்குகளை ஏற்றி அணைக்கும். கூடவே எழுத்துகள் ஓடுகிற சின்னத் திரை ஒன்றும் இருந்தது. சொந்தமாக எழுத வராவிட்டாலும், போர்டோடு வந்த புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இடது கை ஆள்காட்டி விரலால் அடிக்க அவருக்கு வந்தது. தினமும் இரண்டு மணி நேரம். எட்டு விளக்குகள் வரிசையாக ஓடும். அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் முதுகு நிமிர்ந்து உட்காருவார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் சொன்னாள்: "இதை மட்டும் விட்டுறாதீங்க ஆன்ட்டி. இதுலதான் அங்கிள் பிடிச்சுட்டு இருக்கார்." நான் நர்ஸ், அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். படுத்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு எழ மாட்டார்கள்.

ஆறேழு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்மஸ் அது. வழக்கம்போல வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் பண்ணினேன். மறுநாள் அவர் போர்டை ஒயரில் மாட்டினார். போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் எழுதி அனுப்பினால் அப்படி ஒரு போர்டே இல்லை என்று சொன்னது. பிடுங்கி மாட்டினார். மறுபடி மாட்டினார். "சரி, சரி, சரி" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

எனக்கு அந்த இழவெல்லாம் என்ன தெரியும்? சாரைக் கூப்பிட்டேன்.

வந்தார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கூப்பிட்டால் வருவார். முட்டி வலியோடு மறுபேச்சில்லாமல் வருவார். வந்து என்ன பிரயோஜனம்? போர்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கருகின வாசனை வருது சிஸ்டர்."

"அது நான் கேக் தட்டைக் கருக விட்டது சார். போர்டுல பச்சை லைட் எரியுதே?"

"எரியும். உயிர் போறதுக்கு முன்னாடி எல்லாம் நல்லாத்தான் எரியும்."

என் வீட்டுக்காரர் இடது கையை நீட்டி ஒயரைத் தொட்டார். "சரி" என்றார். சார் அந்தக் கையை மெதுவாக எடுத்து அவர் மடியிலேயே வைத்தார். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், நான் பாத்துக்கறேன்." அவர் மறுபடியும் கையை நீட்டி ஒயரை இழுத்தார், பிறகு பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார். "சரி, சரி!"

"வெயில்ல உக்காரணும்கறார் போல" என்றார் சார்.

நானும், ஆமாம், டெல்லிக் குளிர் வாட்டுகிறது, வெயிலுக்குத்தான் கேட்கிறார் என்று சக்கர நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தலையில் மஃப்ளரும் சுற்றினேன். அவர் கிரில்லில் படர்ந்திருந்த மணி பிளாண்டை எட்டிப் பிடித்து இழுத்தார். "செடியைப் பிய்க்காதீங்க" என்று அதட்டினேன். நான்தான் அதட்டினேன்.

இரண்டாம் தடவை சார் வந்து மூன்று மணி நேரம் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினார், எதையோ அழித்தார். அணைத்தார், போட்டார். டிரைவர் என்றார், வைரஸ் என்றார். இரண்டு டீயும் ஒரு தட்டு முறுக்கும் போனது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். என்னென்ன சாமான் வேண்டும் என்று படம் போட்டிருக்கிற பக்கம் அது. ஒரு படத்தின்மேல் விரலை வைத்து, சார் முகத்துக்கு நேரே புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார்.

சார் புத்தகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ. என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல், "பாவம், முதல் பாடத்துலேருந்து ஆரம்பிக்கறார். எல்லாம் மறந்துபோச்சு. மைண்ட் அலையுது சிஸ்டர்" என்றார்.

காதில் எல்லாம் விழும் என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பேச வராத மனுஷனுக்குக் காது மட்டும் எப்படி இருக்கும் என்பது அவர் எண்ணம். என் வீட்டுக்காரர் புத்தகத்தைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் அதன்பிறகு ஒரு சரிகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை ரெஜிஸ்டரோடு வந்தார். போர்டு பேகார் என்று முடிவாகச் சொன்னார். அதோடு விட்டாரா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், லிஃப்டை அப்படித்தான் பார்த்தார்.

"புதுசு வாங்கிடாதீங்க சிஸ்டர். இனிமே இவருக்கு எதுக்கு இதெல்லாம்? அந்த ஸ்டேஜ் தாண்டியாச்சு. டிவி போட்டு விடுங்க, பாத்துட்டு இருக்கட்டும். பழசை நம்ம சொசைட்டி ஈ-வேஸ்ட் பெட்டியில போட்டுடறேன். ஞாயித்துக்கிழமை பழைய சாமான் வாங்கற கபாடிவாலா வந்து எடுத்துப்பான்." பிறகு அவரிடம் குனிந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல உரக்கக் கேட்டார்: "என்ன சார், தூக்கிப் போட்டுடலாமா?"

என் வீட்டுக்காரர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, நாற்காலிக் கையைக் குத்திக்கொண்டு கத்தினார்: "சரி! சரி! சரி!"

"பாருங்க, அவரே சரிங்கறார்" என்றார் சார்.

ரெஜிஸ்டரில் எழுதினார். ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில்: பொருள், நிலை, பரிந்துரை, உரிமையாளர் சம்மதம். கீழே தன் கையெழுத்து. பக்கத்தில் 'உரிமையாளருக்காக' என்று ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். போர்டில் சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டார். விளக்குகளையும் திரையையும் புத்தகத்தையும் எடுத்தார். "அதோட சேர்ந்த சாமானும் போயாகணும், அதான் ரூல்." ஒயர் மட்டும் மேசையிலேயே கிடந்தது. அது போன் சார்ஜ் பண்ண உதவும் என்று சார் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயிற்சிக்குக் கையைத் தூக்கவில்லை. கஞ்சியைப் பாதியில் தள்ளிவிட்டார். டிவி போட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது. இப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பினவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வார்டில் ஒரு கூத்து. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், ஏழாம் நம்பர் கட்டிலில் மானிட்டரில் கோடு நேராக ஓடுவதைப் பார்த்துவிட்டு அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தால் நோயாளி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சில் ஒட்டின ஒயர் கழன்று கிடந்தது. "டாக்டர் சாப், பஹலே தார் தேக்கியே" என்று அவரிடம் இந்தியில் சொன்னேன், முதலில் ஒயரைப் பாருங்கள் என்று. பக்கத்தில் நின்ற மலையாளி சிஸ்டர் வாயைப் பொத்திச் சிரித்தாள். புதிதாக வருகிற அத்தனை பேருக்கும் நான் சொல்கிற முதல் பாடம் அது. மெஷின் ஒன்று சொன்னால் ஆளைப் பார், பிறகு ஒயரைப் பார், அதற்கப்புறம் கத்து.

சொல்லிவிட்டு மருந்து கொடுக்கப் போய்விட்டேன். டியூப்லைட் ஜென்மம் நான். மத்தியானம் டியூட்டி முடிந்து மெட்ரோவில் ஏறி, ஜனக்புரி தாண்டும்போதுதான் எரிந்தது.

வீட்டு மேசையில் கிடந்த அந்த ஒயர் அவருடைய ஒயர் இல்லை. அவருடையது கறுப்பு, முனையில் பிசிறு விட்டது. கிறிஸ்மஸ் சுத்தம் பண்ணும்போது அசிங்கமாக இருக்கிறதே என்று நான் அதை எடுத்துவிட்டு, சார்ஜ் போடுகிற கொசு பேட்டோடு வந்த வெள்ளை ஒயரை அழகாகச் சுருட்டி வைத்தேன். இரண்டுக்கும் முனை ஒன்றுதான், பொருந்திக்கொண்டது. கறுப்பு ஒயரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. எங்கள் ஊர்க்காரிகளுக்கு எதையும் தூக்கிப் போட வராது. அதை வைத்துப் பால்கனியில் மணி பிளாண்டைக் கிரில்லோடு இழுத்துக் கட்டினேன்.

ஒயரைத் தொட்டுக் காட்டினார். பால்கனியைக் காட்டினார். செடியைப் பிடித்து இழுத்தார். நான் மஃப்ளர் சுற்றினேன்.

மெட்ரோவில் எல்லார் முன்னாலும் அழுதேன். பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன், அழுதேன்.

ஸ்டேஷனில் இறங்கி நேராக சார் வீட்டுக்குத்தான் போனேன். சாப்பாட்டு மேசையில் அப்பளத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஈ-வேஸ்ட் பெட்டிச் சாவியைக் கொடுங்க. போர்டை எடுக்கணும்."

"அது முடிஞ்ச ஃபைல் சிஸ்டர். ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. ரெண்டு கையெழுத்து விழுந்தாச்சு. இப்ப எடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"ஒயர்தான் கெட்டது சார். போர்டு கெடல."

"நான் செக் பண்ணிட்டேனே."

"என்ன செக் பண்ணுனீய? மோந்து பாத்தீய! நாய்கூட மோந்து பாக்கும்!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. அவர் அப்பளத்தைத் தட்டில் வைத்தார்.

"சிஸ்டர், அவரே சம்மதிச்சார். மூணு தடவை சரின்னார். உங்க முன்னாடிதான்."

"அவிய எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவாவ சார். உங்க தலையை வெட்டிரட்டுமான்னு நீங்க கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாவ. அவியளுக்கு வேற வார்த்தையே கிடையாது. இது தெரியாம எட்டு வருசமா பக்கத்து பிளாக்குல என்னத்துக்கு இருக்கீய?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்தார். சுவர் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "எடுத்துட்டுப் போங்க சிஸ்டர்." பிறகு கணவரிடம் திரும்பி, "ரசம் ஆறுது" என்றார். சார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கரண்டியால் சாதத்தின் நடுவில் ஒரு குழி பண்ணி ரசத்தை ஊற்றினார்.

கீழ்த்தளத்தில் பெட்டி நிறையச் சீட்டு ஒட்டின சாமான்கள். ரேடியோ, ஹேர் டிரையர், யாருடையதோ காதுக் கருவி. தோண்டித் தோண்டி எங்கள் போர்டையும் விளக்குகளையும் திரையையும் புத்தகத்தையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பால்கனிக்குப் போய்க் கத்தரியால் முடிச்சைச் சுற்றியிருந்த கொடியை அறுக்கப் போனேன். ஒயரையே வெட்டிவிடுவேனோ என்று பயந்து, கத்தரியைப் போட்டுவிட்டு நகத்தாலேயே பிரித்தேன். மணி பிளாண்ட் சரிந்து விழுந்தது. விழட்டும். முனையைத் துணியால் துடைத்து, ஊதி, போர்டில் ஒரு பக்கமும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமும் மாட்டினேன்.

'டுடுங்' என்று கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போடும், ஏதாவது வந்து சேர்ந்தால். போட்டது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் திரும்பினார்.

அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சார்ஜ் பண்ண மட்டும் வருகிற மலிவு ஒயரில் கரண்டு போகிற கம்பி மட்டும்தான் இருக்குமாம், சேதி போகிற கம்பி இருக்காதாம். அதனால்தான் விளக்கு எரிந்தது, பேச்சு நடக்கவில்லை. ஏர்போர்ட்டில் காலமெல்லாம் ஒயரோடு குடித்தனம் பண்ணின மனுஷனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் அன்றைக்குத் தெரியாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் டெக்னிகல் ஆபீசர், இன்னொருத்தி நான்.

நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தேன். புத்தகத்தை அவரே புரட்டினார். முதலில் விளக்குகளை ஓட விடுவார் என்று நினைத்தேன். இல்லை. அந்த முதல் பக்கத்துக்குப் போனார், சாமான்களின் படம் போட்ட பக்கத்துக்கு. ஒரு படத்துக்குக் கீழே இருந்த வார்த்தையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஒருமணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். சின்னத் திரையில் ஐந்து ஆங்கில எழுத்துகள் ஓடத் தொடங்கின. கேபிள். கேபிள். கேபிள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "தெரியலங்க, எனக்குத் தெரியலங்க" என்றேன். அவர் என் தலையில் கையை வைக்கவில்லை. அதெல்லாம் கதையில்தான். திரையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, சார் ரெஜிஸ்டரோடு வந்து நின்றார். கண்டமான பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்ததற்குப் பதிவு வேண்டுமாம். மேசையில் எட்டு விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் இன்னும் மாற்றவில்லை. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை என்பது என் எண்ணம்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன்.

"அச்சா, கேபிள்" என்றார். நிமிர்ந்தார். "இதைத்தான் நான் மொதல் நாளே சொன்னேன் சிஸ்டர்."

என் வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, மரியாதையாகச் சொன்னார்: "சரி."

சாருக்கு மகா திருப்தி. மேசையிலேயே ரெஜிஸ்டரை விரித்து, பழைய பதிவுக்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினார்: கீழே கையொப்பமிட்டவரின் ஆலோசனைப்படி கேபிள் மாற்றப்பட்டு, பொருள் சீர் செய்யப்பட்டது. உரிமையாளர் ஒப்புக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் நீட்டினார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் சீர் செய்த ஒரே சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

நான் வாங்குவதற்குள் இடது கை ஒன்று குறுக்கே வந்து பேனாவைப் பிடுங்கியது. என் வீட்டுக்காரர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார். பழைய பதிவில் சாரின் கையெழுத்து இருந்தது, பக்கத்தில் 'உரிமையாளருக்காக' என்ற கோட்டின்மேல் என் கையெழுத்து. சாருடையதை அவர் தொடவில்லை. என்னுடையதன்மேல் பேனாவை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கோடு இழுத்தார். தாள் கிழிந்தது. பிறகு பக்கத்திலேயே கோணல்மாணலாக, கிறுக்கல் மாதிரி எதையோ போட்டார்.

"ஐயோ, ரெஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கூடாது சார்!" என்று பதறினார் அந்த மனுஷன். அவருக்குப் பட்டது அது மட்டும்தான்.

சில வருஷங்களில் சார் புனேயில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே எதற்கெல்லாம் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாரோ, அந்த மகளைத்தான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் இதோ உள்ளே விளக்குகளை ஓட விட்டுக்கொண்டிருக்கிறார். கண்டம் பண்ணினது சார் மட்டும் இல்லை என்பதைக் கிழிந்த அந்தத் தாள் எனக்குச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் என் வீட்டுக்காரருக்காக நான் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை. பேங்கானாலும் ஆஸ்பத்திரியானாலும் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறேன். பின்னால் கியூவில் இருப்பவர்கள் 'ஜல்தி, ஜல்தி' என்று அவசரப்படுத்துகிறார்கள். அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் நிற்கட்டும்.